காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவர்

இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால், தாம்பரத்தை அடுத்து வருவது சானடோரியம். ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகியவைதான் சிகிச்சை. கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. பல மருந்துகளை உள்ளே விடாத மெழுகுச் சுவர் அந்தக் கிருமிக்கு உண்டு. சளிப் பரிசோதனையில் ஏற்றிய சிவப்புச் சாயம் அமிலத்தால் கழுவினாலும் போகாமல் நிற்பது இந்தச் சுவரால்தான்.

சுவரின் முக்கியப் பொருள் மைக்காலிக் அமிலம். அது 60 முதல் 90 கார்பன் அணுக்கள் கொண்ட, மிக நீளமான கொழுப்பு அமிலம். இதைக் கிருமி எப்படிக் கட்டுகிறது என்று புரிய, நம் உடம்பு கொழுப்பைக் கட்டும் விதத்தை முதலில் பார்ப்போம்.

தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்தில் 12 கார்பன்கள். பாமாயிலின் பால்மிடிக் அமிலத்தில் 16. நல்லெண்ணெயின் ஒலிக், லினோலிக் அமிலங்களில் 18. எல்லாமே இரட்டைப்படை. காரணம், செல் எப்போதும் இரண்டிரண்டு கார்பனாகவே சங்கிலியை நீட்டுகிறது.

மூலப்பொருள் அசிட்டைல் கோ-ஏ. சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸை உடைக்கும்போது கிடைக்கும் இரண்டு கார்பன் துண்டு இது. இரண்டு துண்டுகளை அப்படியே ஒட்டவைப்பது கடினம். எனவே செல் முதலில் ஏ.டி.பி. ஆற்றலைச் செலவழித்து, ஒரு துண்டோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, மூன்று கார்பன் உள்ள மலோனைல் கோ-ஏ ஆக்குகிறது. இது சங்கிலியில் சேரும் கணத்தில் அந்தக் கார்பன் டை ஆக்சைடு கழன்று ஓடிவிடும். அது வெளியேறும் வேகமே இணைப்பை முடித்துவைக்கிறது. செலவழித்த ஆற்றல் வீண்போவதில்லை.

இணைந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன் மிச்சம் நிற்கும். அதை நீக்க மூன்று படிகள்: ஹைட்ரஜன் ஏற்றுதல், தண்ணீரை அகற்றுதல், மறுபடி ஹைட்ரஜன் ஏற்றுதல். இணைப்பையும் சேர்த்து நான்கு படிகள் ஒரு சுற்று. இப்படி 7 சுற்றுகள் முடிந்தால் 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் தயார்.

வேலை எங்கும் ஒன்றே, வேலைத்தளம்தான் வேறு. நம் செல்லில் நான்கு படிகளும் ஒரே பெரிய புரதத்துக்குள் நடக்கின்றன, ஒரே கூரையின் கீழ் இயங்கும் ஆலைபோல. பெரும்பாலான பாக்டீரியாக்களில் படிக்கொரு நொதி தனிப் பட்டறை நடத்துகிறது. காசநோய்க் கிருமியிடம் இரண்டு ஏற்பாடும் உண்டு. பெரிய புரதம் 16 முதல் 26 கார்பன் வரை கட்டித் தருகிறது. தனி நொதிகள் அதிலிருந்து எடுத்து, மைக்காலிக் அமிலத்துக்கு வேண்டிய நீளத்துக்கு வளர்க்கின்றன. இவற்றில் நான்காம் படியைச் செய்யும் நொதிக்கு இன்-எச்-ஏ என்று பெயர்.

ஐசோநயாசிட் மாத்திரை அடிப்பது இந்த நொதியைத்தான். 1912-இலேயே தயாரிக்கப்பட்ட வேதிப்பொருள் அது. காசநோயைக் குணப்படுத்தும் என்பது தெரியவந்தது 1950-களின் தொடக்கத்தில். கிருமிக்குள் நுழையும்வரை அது செயலற்றது. கிருமியின் சொந்த நொதியான காட்-ஜி அதைக் கிளப்பிவிட்ட பிறகு, இன்-எச்-ஏ-யின் வாயை அடைத்துவிடும். மைக்காலிக் அமிலம் நின்றுபோய்க் கிருமி சாகிறது. நம்முடைய கொழுப்பு ஆலையோ வழக்கம்போல் ஓடுகிறது.

இந்த மருந்து வந்தபின் சானடோரியத்தில் படுத்துக் கிடக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. ஐசோநயாசிட்டையும் பி.ஏ.எஸ். மருந்தையும் ஓராண்டு வீட்டிலிருந்தே சாப்பிட்ட ஏழை நோயாளிகளுக்கு, சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையான பலன் கிடைத்தது. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. மருந்தை எதிர்க்கும் வகைகள் பெரும்பாலும் கொழுப்பு கட்டும் நொதியைத் தொடுவதில்லை. காட்-ஜி-யை மாற்றிக்கொண்டு, மருந்து கிளம்பாதபடி செய்துவிடுகின்றன. சுவர் கட்டுவதை அவற்றால் கைவிட முடியாது. அதனால்தான் காட்-ஜி-யின் தயவில்லாமல் இன்-எச்-ஏ-யை நேராகத் தாக்கும் மருந்துகளை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.