தாய்க்கு வெயில், பிள்ளைக்கு எலும்புப் பலம்



கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். கல்சியம் மாத்திரை கொடுக்கிறார்கள். திரிபோஷாவும் கிடைக்கிறது. ஆனால் சாப்பிடுகிற கல்சியம் உடம்பில் சேர வேண்டுமானால் இன்னொரு சத்தும் கூடவே இருக்க வேண்டும். அதன் பெயர் விற்றமின் டி. இந்தச் சத்தின் பெரும்பகுதி சாப்பாட்டில் வருவதில்லை. நம் தோலில் வெயில் படும்போது உடம்பே அதைச் செய்துகொள்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "நாங்க நாள் முழுக்க மலையில வெயில்லதானே நிக்கிறோம், எங்களுக்கு எப்படிக் குறையும்?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், இந்தச் சத்து வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

வயிற்றுப் பிள்ளையும் தாயின் இருப்பும்

பிறக்கும் பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய 30 கிராம் கல்சியம் இருக்கும். அவ்வளவும் தாயின் இரத்தத்திலிருந்து போனது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. தாயின் குடல் உணவிலிருந்து கல்சியத்தை இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்விப்பது விற்றமின் டி. அது குறைந்தால் எவ்வளவு கல்சியம் சாப்பிட்டாலும் பாதி வீணாகப் போகும். அப்போது தாயின் எலும்பிலிருந்தே கல்சியம் கழன்று போகும்.

பிள்ளைக்கு வேண்டிய விற்றமின் டியும் தாயிடமிருந்துதான் நச்சுக்கொடி வழியாகப் போகிறது. பிள்ளையின் அளவு பெரும்பாலும் தாயின் அளவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே தாயிடம் நிறைய இருந்தால் பிள்ளைக்கும் போதுமானது கிடைக்கும். தாயிடமே தட்டுப்பாடு என்றால் பிள்ளை வெறுங்கையோடு பிறக்கிறது.

பிறந்த பிறகு நடப்பதையும் கவனியுங்கள். தாய்ப்பாலுக்கு ஈடான உணவு வேறு இல்லை. முதல் ஆறு மாதமும் அதுவே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆனால் விற்றமின் டி மட்டும் தாய்ப்பாலில் மிகக் குறைவு. ஒரு லீற்றர் பாலில் பொதுவாக 25 முதல் 50 அலகு வரைதான் இருக்கும். கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 அலகு வேண்டும் என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தி மாப்பால் கொடுக்கவே கூடாது. பிள்ளை பிறக்கும்போது கொண்டுவருகிற இருப்புதான் முதல் சில வாரங்களுக்கு அதைக் காப்பாற்றுகிறது. அந்த இருப்பைச் சேர்த்துக் கொடுப்பது கர்ப்பிணித் தாயின் உடம்பு.

குறைந்தால் என்ன ஆகும்?

தாய்க்கு இடுப்பும் முதுகும் தொடையும் ஆழமாக வலிக்கும். படி ஏறக் கஷ்டமாக இருக்கும். தரையில் உட்கார்ந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டிவரும். "கூடை சுமந்த வலி" என்று நாம் தள்ளிவிடும் வலிகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

பிறந்த பிள்ளைக்கு இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் கைகால் உதறும், சின்னச் சத்தத்துக்கும் துடிக்கும், சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். இது பெரும்பாலும் பிறந்த முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ வரக்கூடியது. மாதங்கள் போகப்போக மண்டை ஓடு மெதுவாக இருக்கும், உச்சிக்குழி மூடத் தாமதமாகும், பல் முளைக்கப் பிந்தும். நடக்கத் தொடங்கியதும் கால் வில்லைப் போல வளையும். இந்த நோய்க்கு ரிக்கட்ஸ் என்று பெயர். இந்தப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் அடிக்கடி வருவதுண்டு.

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று நூல் கட்டிக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் வைத்தியசாலை, மற்றதெல்லாம் பிறகு. இரவானாலும் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் செய்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் சொல்லியனுப்புங்கள்.

வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு

நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் ஆலைப் புகை வானத்தை மூடியிருந்தது. அங்கே தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கால் வளைந்தது. அப்படி வளர்ந்த பெண்பிள்ளைகளின் இடுப்பெலும்பு குறுகி, பிரசவத்தில் பலர் செத்துப்போனார்கள். வெயில் நிறைந்த நாடுகளில் இந்த நோய் அரிது என்று தியோபோல்ட் பாம் என்ற வைத்தியர் 1890இல் எழுதினார். 1919இல் பெர்லின் நகரத்தில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், ரிக்கட்ஸ் வந்த பிள்ளைகளைப் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் வைத்துக் குணமாக்கிக் காட்டினார். 1922இல் அமெரிக்காவில் எல்மர் மெக்கொலம் மீன் எண்ணெயில் இருந்த இந்தச் சத்தைத் தனியாக அடையாளம் கண்டார். ஏற்கெனவே ஏ, பி, சி என்று மூன்று விற்றமின்கள் இருந்ததால் இது டி ஆனது.

வெயில் நாடுகளில் இந்தக் குறை வராது என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். இன்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும்போது இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலும் கர்ப்பிணித் தாய்மார் பலருக்கு இது குறைவாக இருப்பது தெரிகிறது. வெளியில் வெயில் இருந்தால் மட்டும் போதாது, அது தோலில் பட வேண்டும்.

மலையில் நிற்பவருக்குமா குறைவு?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். கொழுந்து எடுக்கும் தாய், லயத்துக்குள்ளேயே இருப்பவரைவிட நல்ல நிலையில்தான் இருப்பார். ஆனாலும் நம் வாழ்க்கையில் வெயிலைத் தடுக்கிற காரியங்கள் பல இருக்கின்றன.

முதலாவது, மூடுபனியும் மழையும். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை நாள்கணக்கில் சூரியனைக் காண்பதே அரிது. பதுளைப் பக்கம் அப்போது வெயில் எரிக்கும், அவர்களுக்கு மழை டிசம்பர், ஜனவரியில். அடர்ந்த மேகம் தேவையான கதிரைப் பெருமளவு தடுத்துவிடும்.

இரண்டாவது, உடுப்பு. குளிருக்கு நீளக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் படங்கு, மழைக்கு பிளாஸ்டிக் சீட். வேலைக்கு இவை அவசியம்தான். ஆனால் வெயிலுக்குத் தெரிவது முகமும் விரல்களும் மட்டும்.

மூன்றாவது, தோலின் நிறம். கறுத்த தோல் வெயிலின் தீமையிலிருந்து நம்மைக் காக்கிறது. அதனாலேயே வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் பட்டால்தான் அதே அளவு சத்து ஊறும்.

நான்காவதுதான் முக்கியம். வயிறு பெருத்து வேலைக்குப் போகாமல் நிற்கும் மாதங்களில்தான் பிள்ளை கல்சியத்தை அதிகம் கேட்கிறது. அந்த நேரத்தில் தாய் இருட்டுக் காம்பராவுக்குள் இருக்கிறார். பிள்ளை பிறந்ததும் 31ஆம் நாள்வரை தாயும் பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் போதிய காலம் விடாத தாய்க்கு இருப்பு இன்னும் குறையும்.

எந்த வெயில் நல்லது?

"காலை இளவெயில்ல பிள்ளையக் காட்டு" என்று மாமியார் சொல்லுவார். அன்போடு சொல்வதுதான். காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் விற்றமின் டி செய்யும் கதிர் அதில் மிகக் குறைவு. சூரியன் சரிந்து நிற்கும்போது அந்தக் கதிரைக் காற்று மண்டலம் வடிகட்டிவிடுகிறது.

இதை அறிய மணிக்கூடு வேண்டாம். நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் கட்டையாக இருந்தால் அந்த வெயிலில் சத்து ஊறும். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் அந்த வெயில் குளிர் காய மட்டும்தான் உதவும். நம் நாட்டில் சுமார் காலை 10 மணிமுதல் பிற்பகல் 2 மணிவரை எந்த மாதத்திலும் நிழல் கட்டையாக இருக்கும்.

கர்ப்பிணித் தாய் வாரத்தில் இரண்டு மூன்று நாள், முகமும் முழங்கைவரை கையும் முழங்காலுக்குக் கீழே காலும் வெயில் பட, 20 நிமிடம் அல்லது அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்தால் போதும். அரிசி புடைக்கலாம், கீரை ஆயலாம். தோல் எரியும்வரை இருக்க வேண்டாம், தலை சுற்றினால் நிழலுக்கு வந்துவிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தால் பலன் இல்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கைக்குழந்தையின் தோல் மிகவும் மெல்லியது. அதை உச்சி வெயிலில் கிடத்தக் கூடாது. பிள்ளையின் பங்கை வெயிலில் தேடுவதைவிட, கர்ப்ப காலத்திலேயே தாய் சேர்த்து வைப்பது நல்லது. குறைமாதத்தில் பிறந்த அல்லது எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு வைத்தியர் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார். அதை ஒருநாளும் விடாமல், சொன்ன அளவில் கொடுங்கள். பிள்ளையின் உடம்பு மஞ்சளாக இருந்தால் வெயிலில் காட்டிக் குணப்படுத்தப் பார்க்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில் என்ன இருக்கிறது?

மரக்கறியிலும் சோற்றிலும் விற்றமின் டி இல்லை என்றே சொல்லலாம். தேத்தண்ணியிலும் இல்லை. கொழுப்புள்ள மீனில் உண்டு: சாளை, டின் மீன் போன்றவை. முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. சம்பள நாளில் ஒரு டின் மீன் வாங்கினால் அதில் ஒரு பங்கு கர்ப்பிணித் தாயின் தட்டுக்குப் போக வேண்டும். வீட்டு ஆம்பிளைகள் சாப்பிட்ட பிறகு மிஞ்சின குழம்பை மட்டும் தாய்க்கு வைக்கும் பழக்கத்தை மாற்றுவோம்.

கல்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தலிக் கருவாடு, குரக்கன், பால், தயிர், கீரை நல்லவை. கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம், ஒன்று மற்றதைத் தடுக்கும். ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் எடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணி குடிக்க வேண்டாம்.

மாத்திரை வாங்கிப் போடலாமா?

நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். எல்லாக் கர்ப்பிணித் தாய்மாருக்கும் விற்றமின் டி மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. குறை இருக்கும் என்று சந்தேகப்படும் தாய்க்கு ஒரு நாளைக்கு 200 அலகு கொடுக்கலாம் என்றும் சொன்னது. இந்த மாத்திரை எல்லா நோயையும் தடுக்கும், பிள்ளையை அறிவாளியாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி நிரூபிக்கப்படவில்லை.

மருந்துக் கடைகளில் ஒரே மாத்திரையில் 50,000 அலகு உள்ளவையும் உண்டு. அவை வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்தியர் எழுதுபவை. அதைத் தினமும் விழுங்கினால் இரத்தத்தில் கல்சியம் அளவுமீறி ஏறி, வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். வெயிலால் ஊறும் சத்துக்கு இந்த ஆபத்து இல்லை. போதிய அளவு ஊறியதும் உடம்பே மிச்சத்தை அழித்துவிடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை

கர்ப்பம் என்று தெரிந்ததும் மருத்துவ மாதிடம் பதிந்துகொள்ளுங்கள்.

இடுப்பு, தொடை வலி விடாமல் இருந்தால் கிளினிக்கில் வாய்திறந்து சொல்லுங்கள்.

வெயில் நாளைத் தவறவிடாதீர்கள். நிழல் கட்டையாக இருக்கும்போது வாசலுக்கு வாருங்கள்.

முந்திய பிள்ளைக்குக் கால் வளைவோ வலிப்போ வந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் அதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு சடங்கு முறைகளை உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். ஆனால் தாயைக் காற்றும் வெளிச்சமும் இல்லாத காம்பராவில் பூட்டி வைக்காதீர்கள்.

கடைசியாக அப்பாமாருக்கும் மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. பகல் பத்து மணிக்கு மருமகள் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் அவள் உங்கள் பேரப்பிள்ளையின் எலும்புக்குப் பலம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வெயிலுக்குக் காசு இல்லை, துண்டும் இல்லை, வரிசையில் நிற்கவும் வேண்டாம். கிடைக்கிற நாளில் அதை நம் தாய்மாருக்குக் கிடைக்கச் செய்வோம்.