புள்ளியில் நின்ற நிரல்

எங்கள் வீடு நெசவாளர் வீடு. தந்தையார் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரும் பட்டு, சரிகைக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றித் தர வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வகுப்பில் கற்ற பைத்தான் மொழியில் பத்து வரி நிரல் எழுதினேன். கணக்கைத் தமிழிலேயே தட்டச்சுச் செய்து தனிக் கோப்பில் வைக்க எண்ணி, முதலில் ‘சரிகை’ என்ற ஒரே சொல்லை இட்டுச் சோதித்தேன். மூன்றெழுத்துச் சொல், பதினைந்து அந்நியக் குறிகளாகத் திரையில் விரிந்தது! அடுத்துப் ‘பட்டு’ என்று இட்டேன். நிரல் பிழை காட்டி நின்றேவிட்டது.

“தமிழ் எதற்கு? ஆங்கிலத்தில் வைத்துக்கொள்” என்றான் நண்பன். தந்தையாருக்கோ ஆங்கிலம் தெரியாது. அவர் படிக்க முடியாத கணக்கு அவருக்கு எதற்கு?

காரணத்தைத் தேடியபோதுதான் ‘டீஃபால்ட்’ என்பதன் வலிமை விளங்கிற்று. தமிழில் இதை இயல்பு அமைப்பு எனலாம். ஓட்டலில் “ஒரு காப்பி” என்று மட்டும் சொன்னால் சர்க்கரையோடுதான் வரும். வேண்டாதவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். நாம் எதுவும் சொல்லாதபோது நமக்காக முன்கூட்டியே செய்யப்பட்ட தேர்வே இயல்பு அமைப்பு.

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எண்கள். க, ை இரண்டும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘சரிகை’ ஐந்து குறிகள். ஆகப் பதினைந்து எண்கள். என் கோப்பு இம்முறையில்தான் இருந்தது. எந்த முறையில் படிக்க வேண்டும் என்று நிரலில் நான் சொல்லவில்லை. எனவே பைத்தான், அக்கணிப்பொறியின் ஆங்கில அமைப்புக்குரிய 1252 என்னும் மேலை ஐரோப்பிய எழுத்துப் பட்டியலைக் கொண்டு படித்தது. அதில் ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. ஐந்து இடங்கள் மட்டும் காலி. அவற்றுள் ஒன்று 141. நம் புள்ளியின் எண்களோ 224, 175, 141! ‘பட்டு’ என்பதில் முதல் ‘ட்’டின் புள்ளியிலேயே நிரல் நின்றதன் மர்மம் இதுதான். ‘சரிகை’யில் புள்ளி இல்லை, காலி இடத்தில் விழும் எண் வேறெதுவும் இல்லை. ஆகவே அது நிற்காமல் உளறியது.

பைத்தான் 1991-இல் வெளிவந்த மொழி. அதன் இரண்டாம் தலைமுறை, நிரலில் உள்ள எழுத்தெல்லாம் 128 இடங்களே கொண்ட ஆஸ்கி முறை என்று எடுத்துக்கொண்டது. தமிழ் எழுத வேண்டுமென்றால் தலைப்பில் தனி அறிவிப்புத் தேவைப்பட்டது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, நிரல் எழுத்துக்கு யூடிஎஃப்-8-ஐ இயல்பாக்கியது. ஆனால் கோப்பைத் திறப்பதில் கணிப்பொறியின் அமைப்பைப் பின்பற்றும் பழக்கம் தொடர்ந்தது. அதையும் 3.15 பதிப்பிலிருந்து மாற்றுவதென 2022-இல் முடிவு செய்தார்கள்.

இத்தனை ஆண்டுத் தயக்கம் ஏன்? எங்கள் தறியே விடை சொல்லும். பாவு தீர்ந்ததும் அச்சிலும் விழுதிலும் இழைகளை வழக்கமாகப் புதிதாகக் கோப்பதில்லை. பழைய பாவின் நுனிகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுவார்கள். பழைய அமைப்பு அப்படியே தொடரும். அமைப்பை மாற்றுவதென்றால் வேலை பெரிது. மொழிக்கும் அப்படியே. பழைய முறையில் எழுதிய கோப்புகளும், அவற்றை நம்பி ஓடும் நிரல்களும் உலகெங்கும் உள்ளன. ஒரே நாளில் மாற்றினால் அவை பழுதாகும்.

அந்த நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் பழகியவர், வேண்டிய அமைப்பைத் தாமே எழுதிக்கொள்வார். கேட்க வேண்டும் என்பதையே அறியாத புதியவருக்கு இயல்பு அமைப்பு ஒன்றே துணை. அவரை மனத்தில் வைத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நாளை நிரல்கள் எழுதப்போகும் நாமும் இதை மறத்தலாகாது.

கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தேன். கணக்குத் தமிழில் வந்தது. தந்தையார் திரையைப் பார்த்துப் படித்தார். பாராட்டவில்லை, மூன்றாம் வரியில் பட்டின் எடையை நான் தவறாக ஏற்றியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்.