'எப்போதும்' என்ற ஒரு சொல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர்)

ஆங்கிலக் கணித நூல்களில் இம்ப்ளை, இன்ஃபர், டிடக்‌ஷன், இண்டக்‌ஷன் என்னும் சொற்கள் அடிக்கடி வருகின்றன. தமிழ்வழியில் பயின்று வந்த எனக்கு முதலாண்டில் இவை யாவும் ஒன்றாகவே தோன்றின. வேறுபாட்டை விளங்க வைத்தது எளாவூர்ப் பக்கத்து ஏரிக்கரையே எனலாம்.

முதலிரண்டைக் காண்போம். இம்ப்ளை என்பது 'உள்ளே மடித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. "வலையில ஓட்டை இருக்கான்னு பாருடா" என்று மாலையில் தந்தையார் சொன்னால், விடியலில் தொழிலுக்குப் போகிறார் என்பது அதனுள் மடிந்திருக்கிறது. அம்மடிப்பை நான் விரித்துணர்வது இன்ஃபர். சொல்பவர் செய்வது முன்னது. கேட்பவர் செய்வது பின்னது.

டிடக்‌ஷன் என்பது உய்த்தறிதல். விதியிலிருந்து முடிவுக்கு இறங்குதல். பழவேற்காட்டு ஏரிக் குப்பங்கள் சிலவற்றில் வலை போடும் இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் வழக்கம் உண்டு. இன்று இந்த இடம் ஒரு குழுவின் முறை என்றால், மற்றவர் அங்கே வலை போடலாகாது. விதியும் செய்தியும் மெய்யானால் முடிவும் மெய்யே, ஐயத்திற்கு இடமில்லை.

இண்டக்‌ஷன் என்பது தொகுத்தறிதல். பல நிகழ்ச்சிகளைக் கண்டு பொதுவிதிக்கு ஏறுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவாரம் திறந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறும். பின்பு பாடு நன்றாயிருக்கும். இது பல்லாண்டு கண்டறிந்த உண்மை. ஆயினும் பொய்க்கவும் கூடும். ஓராண்டு மழையை நம்பித் தந்தையார் கடன்பட்டுப் புதுவலை வாங்கினார். மழை பெய்தது, இறால் வரவில்லை. "எப்பவும் வருமேன்னு நெனைச்சேன்" என்றார். அக்கடன் தீர ஈராண்டாயிற்று. 'பெரும்பாலும்' என்று நிற்கவேண்டிய இடத்தில் 'எப்போதும்' வந்து நின்றதே பிழை.

கணிதத்தில் வரும் 'மேதமேட்டிகல் இண்டக்‌ஷன்' பெயரளவில்தான் இண்டக்‌ஷன். அதன் முடிவு உறுதியானது. ஆகவே அது உய்த்தறிதலின்பாற்படும்.

இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள், மலையிற் புகைகண்டு நெருப்புண்டெனத் துணிதற்கு அடுக்களையைச் சான்று காட்டுகிறார். போலிக் காரணங்களையும் விரிவாக வகுத்துரைக்கிறார்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஏரியைப் பற்றித் தந்தையாருக்குக் கற்றுத்தர என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த முறை கடன் வாங்குமுன், "எப்பவுமா, பெரும்பாலுமாப்பா?" என்று கேட்பேன். கற்ற கல்விக்கு அதுவே முதற்பயன்.