பழைய டீசல் காருக்குத் தினம் 12.50 பவுண்டு: லண்டன் கணக்கு

லண்டன்ல பெரும்பாலும் டோல்கேட் வழிமறிக்காது. ஆனா பழைய டீசல் காரை ரோட்டுக்கு எடுத்தா, அந்த நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணும். யூலெஸ், அதாவது அல்ட்ரா லோ எமிஷன் ஜோன். இது எப்படி வேலை செய்யுது?

ரோட்டோர கேமரா நம்பர் பிளேட்டைப் படிச்சு, வண்டியோட பதிவு விவரத்தைத் தேடும். அப்புறம் ஒரு சின்ன இஃப் கண்டிஷன்தான். பைக்னா யூரோ 3, பெட்ரோல் கார்னா யூரோ 4, டீசல் கார்னா யூரோ 6. தேறினா இலவசம், இல்லைன்னா கட்டணம்.

டீசலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? பழைய டீசல் எஞ்சின் நைட்ரஜன் டை ஆக்சைடை அதிகமா கக்கும். அது மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். தென்கிழக்கு லண்டன்ல, பரபரப்பான சவுத் சர்க்குலர் சாலை பக்கம் வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா, கடும் ஆஸ்துமாவால 2013இல் இறந்தப்போ வயசு 9. அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம்னு 2020 டிசம்பர்ல மரண விசாரணை அதிகாரி பதிவு செஞ்சார்.

2019இல் நகர மையத்துல தொடங்கின யூலெஸ், 2023 ஆகஸ்ட்ல லண்டன் முழுக்க வந்துச்சு. எதிர்ப்பும் பலமா இருந்துச்சு, கேமராக்களையே உடைச்சாங்க. புது வண்டி வாங்க வசதி இல்லாதவங்க என்ன செய்வாங்கங்கிற கேள்வி நியாயமானது. அதனால பழைய காரை ஸ்கிராப் பண்ண 2,000 பவுண்டு வரை மானியம் கொடுத்தாங்க.

நாளைக்கு வேற எந்த ஊர் இதைக் கொண்டுவந்தாலும், கேமராவுக்கு முன்னாடி அந்த மானியத்தைப் பத்திக் கேளுங்க.