துணித் துண்டுகளில் ஒரு வட்டாரம்: ஃபேரர் பார்க்கில் ஒட்டுப் போர்வைக்கான தேடல்

சிங்கப்பூரில் தைக்கப்பட்ட நான்கு போர்வைகள் இன்று லண்டனிலும் கேன்பராவிலும் பாதுகாத்து வைக்கப்பட்டுள்ளன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்களும் சிறுமியரும் அவற்றைத் தைத்தார்கள். துணிக்கடைக்குப் போக அவர்களுக்கு வழியில்லை. தையல் நூலுக்கே தட்டுப்பாடு.

இன்றைய ஃபேரர் பார்க் இதற்கு நேர்மாறானது. எம்ஆர்டி நிலையத்தைவிட்டு வெளியே வந்து சிராங்கூன் சாலையில் சிறிது தூரம் நடந்தாலே பட்டும் பருத்தியும் சரிகையும் கடைக்குக் கடை குவிந்து கிடக்கின்றன. அத்தனை வண்ணங்களுக்கு நடுவே நிற்கும்போது, ‘இதில் எதை எடுப்பது, எதைத் தைப்பது?’ என்ற திகைப்புதான் முதலில் வருகிறது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு பயிலும் எனக்கு இந்தத் திகைப்பு ஒரு பாடப் பணியின் வடிவில் வந்தது. ஏதாவது ஒரு வட்டாரத்தைத் துணியில் காட்ட வேண்டும் என்றார்கள். நான் ஃபேரர் பார்க்கைத் தேர்ந்தெடுத்தேன். சில வாரங்கள் இங்கு சுற்றித் திரிந்தபோது தெரிந்துகொண்டவற்றைத் துணிக்கலையில் ஆர்வமுள்ள மாணவர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கந்தையிலிருந்து கலை

‘குயில்ட்’ எனப்படும் ஒட்டுப் போர்வை மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓடும். துண்டுகளைப் பக்கம் பக்கமாக இணைப்பது ‘பேட்ச்வொர்க்’. ஒரு துணியின் மேல் வேறொரு வடிவத்தை வைத்துத் தைப்பது ‘அப்ளிக்’.

குளிர்நாட்டுக் கலை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாதாரண ஓட்டுத் தையலால் இணைக்கும் ‘காந்தா’ உண்டு. நம் ‘கந்தை’ என்ற சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மகாராஷ்டிரத்தில் ‘கோதடி’, சிந்து, கட்ச் பகுதிகளில் ‘ரல்லி’, மலாய்க்காரர்களிடம் ஆயிரம் ஒட்டு என்று பொருள்படும் ‘தம்பால் செரிபு’ எனப் பல பெயர்களில் இந்தக் கலை வாழ்கிறது. பஞ்சு வைக்காத காந்தா முறை நம் வெப்பநிலைக்கு மிகவும் ஏற்றது. செலவும் குறைவு.

சிறைக்குள் 66 சதுரங்கள்

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம். ராணுவத்தில் இருந்த கணவர்களோ வேறு முகாமில் இருந்தார்கள். மனைவி உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

செஞ்சிலுவைச் சங்கப் பணிகளில் ஈடுபட்டிருந்த கனடியப் பெண் எதல் மல்வேனி அப்போது ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு துணிச் சதுரம் தரப்பட்டது. அதில் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றைத் தைக்க வேண்டும். பூ, வரைபடம், விலங்கு, சிறைச் சுவர் என அவரவர் மனத்தில் இருந்ததைத் தைத்தார்கள். பலர் தங்கள் பெயரையும் சேர்த்துத் தைத்தார்கள்.

இப்படி மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மற்றொன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு. ஜப்பானியருக்கும் ஒன்று தைத்ததால் மற்ற இரண்டையும் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்ப அனுமதி கிடைப்பது எளிதாயிற்று. போர்வையில் இருந்த பெயர்கள் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்ற செய்தியைச் சுமந்து சென்றன. கடிதம் போக முடியாத இடத்துக்குத் துணி போனது.

நான்காவது போர்வை சிறுமியருடையது. சிறைக்குள் சாரணியர் குழு ஒன்றை நடத்திய எலிசபெத் என்னிஸ் என்ற தாதிக்குப் பிறந்தநாள் பரிசாக, அவருக்குத் தெரியாமலேயே அவர்கள் அதைத் தைத்தார்கள். பழைய உடைகளிலிருந்து வெட்டிய அறுகோணத் துண்டுகளைப் பூப்போல இணைத்து, தங்கள் பெயர்களையும் தைத்தார்கள். அது இப்போது லண்டன் இம்பீரியல் போர் அரும்பொருளகத்தில் உள்ளது.

பொருளைத் தேட வேண்டிய இடங்கள்

முதல் கடை உங்கள் வீட்டு அலமாரிதான். பழைய பருத்திச் சேலை, கைலி, பள்ளிச் சீருடை, பாத்தேக் சட்டை ஆகியவற்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை மெலிந்த இடம் தெரியும். அதை விட்டுவிட்டு உறுதியான பகுதியை மட்டும் வெட்டுங்கள்.

இரண்டாவது இடம் தையற்கடை. தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் சேலை, சுடிதார்க் கடைகளுக்கு இடையே தையற்காரர்களும் இருக்கிறார்கள். ரவிக்கை தைத்தபின் மிஞ்சும் துண்டுகள் அவர்களுக்குப் பயன்படாது. நான் கேட்டபோது ஓர் அக்கா, “இந்தக் குப்பை உனக்கு எதுக்கும்மா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு பை நிறையக் கொடுத்தார். வேலை குறைவான நேரத்தில் போய்ப் பணிவாகக் கேளுங்கள்.

துணி வாங்கியே ஆக வேண்டுமானால் சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தஃபா சென்டர், பாத்தேக்கும் லேசும் விற்கும் அரபு ஸ்திரீட், சைனாடவுனில் பீப்பள்ஸ் பார்க் பகுதித் துணிக்கடைகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். முதல் முயற்சிக்குப் பருத்தியே நல்லது. ஜார்ஜெட் வழுக்கும், பட்டு ஓரம் பிரியும். புதுத்துணியைத் துவைத்த பின்பே வெட்டுங்கள். சாயம் போவதும் துணி சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும்.

மிஞ்சிய துணியைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, 2022ல் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவு 254,000 டன். அதில் மறுசுழற்சிக்குச் சென்றது 2 விழுக்காடு மட்டுமே. எஞ்சியது எரியூட்டப்பட்டு, சாம்பலாகச் செமக்காவ் தீவுக்குப் போகிறது.

பழந்துணியில் செய்தால் அது கலையாகுமா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். அவை 2002ல் ஹியூஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006ல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

காலடியில் கிடக்கும் கரு

கருவைத் தேடித் திரைக்குள் மூழ்குவதைவிடத் தெருவில் நடப்பது நல்லது. ஜாலான் புசார் பக்கமாக இருக்கும் பெட்டேன் ரோடு கடைவீடுகளின் முகப்பில் பூ வேலைப்பாடு கொண்ட ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஓடும் ஒரு சதுரம். நான்கு சேர்ந்தால் ஒரு புது வடிவம். ஒட்டுப் போர்வையின் கணக்கும் இதேதான். எருமை என்று பொருள்படும் கெர்பாவ் ரோட்டில் 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு, ஒன்றோடொன்று சேராது என்று நாம் நினைக்கும் நிறங்களை அருகருகே வைத்துக் காட்டுகிறது.

நம் வாசற்கோலமும் ஒரு பாடப் புத்தகம். நேர்ப்புள்ளி வைத்தால் சதுரங்கள் கிடைக்கும். இடுக்குப்புள்ளி வைத்தால் அறுகோணங்கள் கிடைக்கும். சாங்கிச் சிறுமியர் தைத்த அதே வடிவத்தை நம் பாட்டிமார் மாவால் இட்டிருக்கிறார்கள்.

கோயில் விழாக்களில் தேரை நிமிர்ந்து பாருங்கள். உருளை வடிவில் தொங்கி ஆடும் தொம்பைகள், வண்ணத் துணிகளை வெட்டிப் பொருத்தித் தைத்தவை. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். அப்ளிக் கலை நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் ஆடை, துணிக்கூடம் ஆகியவற்றுக்கும் போகலாம். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பூ

தொடங்குவதற்கு அறுகோணம் எளிது. தையல் இயந்திரம் தேவையில்லை. பழைய பயிற்சித் தாளில் ஒவ்வொரு பக்கமும் 2.5 செ.மீ. உள்ள அறுகோணங்கள் ஏழை வெட்டுங்கள். துணியைச் சுற்றிலும் 6 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, தாளின் மேல் மடித்து ஓரத்தில் தற்காலிகத் தையல் போடுங்கள். ஒன்றை நடுவில் வைத்து, ஆறையும் அதைச் சுற்றிப் பொருத்தி, விளிம்போடு விளிம்பாகச் சிறு தையலால் இணையுங்கள். கடைசியில் தாளை உருவிவிடலாம்.

இது இடைவெளியின்றிப் பொருந்துவதற்குக் காரணம் கணிதம். அறுகோணத்தின் ஒவ்வொரு கோணமும் 120 டிகிரி. மூன்று மூலைகள் சந்திக்கும்போது 360 டிகிரி நிறைந்துவிடும். ஒரே வடிவ ஒழுங்குப் பலகோணங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றால் மட்டுமே இப்படித் தளத்தை நிரப்ப முடியும்.

யாருடைய பெயர்?

என் பணிக்காகப் படித்தபோது ஒரு தேதி என்னை நிறுத்தியது. 1942 பிப்ரவரி 17. அன்று ஐரோப்பியக் குடிமக்கள் பாடாங் திடலில் கூடும்படி உத்தரவிடப்பட்டார்கள். சாங்கிப் போர்வைகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே நாளில், முன்பு குதிரைப் பந்தயத் திடலாக இருந்த ஃபேரர் பார்க்கில் 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் அங்கு பேசினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் வரலாறு அந்தத் திடலோடு பிணைந்தது.

பாடாங்கில் கூடியவர்களில் பலரின் பெயர்களை இன்றும் துணியில் படிக்கலாம். ஃபேரர் பார்க்கில் நின்றவர்களின் பெயர்களைத் தாங்கிய ஒரு துணியை நான் எங்கும் கண்டதில்லை. அவர்களும் யாருக்கோ ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்ல ஏங்கியிருப்பார்கள்.

என் துணியில் என்ன தைப்பது என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவானது. ஓடுகளும் கோலமும் ஓரத்துக்குப் போயின. நடுவில் அந்தத் திடல் வந்தது. புதிய வீடுகள் எழுந்து அந்த இடமே இப்போது முகம் மாறிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பகுதியில் கூடி, ஊரில் உள்ள குடும்பத்தாருடன் தொலைபேசியில் பேசும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சில சதுரங்கள் ஒதுக்கியிருக்கிறேன்.

உங்கள் வட்டாரத்திலும் இப்படி யாரேனும் இருப்பார்கள். மூடப்பட்ட மளிகைக் கடைக்காரர், புளோக்கின் கீழ்த்தளத்தில் பூக்கட்டும் பாட்டி, இடிக்கப்பட்ட பள்ளியில் படித்த உங்கள் அம்மா. வரும் பள்ளி விடுமுறையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆளுக்கு ஒரு சதுரம் தைத்து, பிறகு இணைத்துப் பாருங்கள். தையல் கோணினாலும் பரவாயில்லை. பின்பக்கத்தில் பெயரையும் தேதியையும் தைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள். சாங்கிப் பெண்கள் அப்படிச் செய்ததால்தான் 80 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் யார் என்று நமக்குத் தெரிகிறது.