நாடு விட்டு நாடு வந்த விளையாட்டுப் பெட்டி

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தால், குழந்தைகளின் அடுத்த சந்நிதி பொம்மைக் கடைதான்! 1990-களில் திருவிழாக் கடைகளில் அவர்கள் கேட்டு அடம்பிடித்த பொருள்களில் ஒன்று, மேலிருந்து கட்டங்கள் விழும் 'பிரிக் கேம்'. சீனாவில் தயாரான அந்தச் சின்னப் பெட்டி பல நாடுகளில் செல்வாக்குப் பெற்றது. ஒரு நாட்டுக் கருவி இன்னொரு நாட்டில் வேர் பிடிப்பது எதனால்? சற்று ஆராய்வோமா?

அந்த ஆட்டத்தின் மூலம் 'டெட்ரிஸ்'. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. 1989-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது டெட்ரிஸையும் உடன் சேர்த்தே விற்றது.

கேம் பாயின் திரையில் வண்ணம் இல்லை. போட்டியாக வந்த சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வண்ணத்திரை கொண்டது. ஆனால் அது ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும்; அமெரிக்காவில் விலையோ சுமார் 150 டாலர். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலை சுமார் 90 டாலர். வென்றது எது? கேம் பாய்தான்! பின்னர் வந்த வண்ணத்திரை வடிவத்தையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. பழகிய, மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதே அதை வடிவமைத்த கும்பெய் யோகோயின் கொள்கை.

நம் நாட்டில் அந்தக் கேம் பாய்கூட நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. கருவியை வாங்கினாலும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும். பிரிக் கேமுக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் உள்ளேயே இருக்கும். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் போதும். அட்டையில் '9999 ஆட்டங்கள்' என்றிருந்தாலும், உள்ளே இருந்தவை சில ஆட்டங்களே. வேகமும் தொடக்கமும் மாறி மாறி வரும். அதனால் என்ன? ஆட மொழி தேவையில்லையே! வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளரும் நம் சித்தூர்ப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலையானது.

சொற்கள் நிறைந்த ஆட்டமானால் என்ன செய்வது? பிரேசில் விடை சொல்கிறது. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் சேகாவின் 'மாஸ்டர் சிஸ்டம்' கருவியை, 1989 முதல் 'டெக்டாய்' என்ற உள்ளூர் நிறுவனம் அங்கேயே தயாரித்தது. ஆட்டங்களைப் போர்த்துகீசிய மொழிக்கு மாற்றியது. 1991-இல் ஓர் ஆட்டத்தின் நாயகனை எடுத்துவிட்டு, பிரேசில் குழந்தைகள் சித்திரக்கதையில் படித்து மகிழ்ந்த மோனிகாவையே உள்ளே கொண்டுவந்தது! பிற நாடுகளில் மறக்கப்பட்ட பிறகும் அக்கருவி அங்கே பல்லாண்டு விற்பனையானது.

இன்று நம் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி கைப்பேசியே. நம் ஸ்ரீசிட்டியிலேயே 2015-இல் சீனாவின் ஷாவ்மி நிறுவனத்துக்காகக் கைப்பேசித் தயாரிப்பு தொடங்கியது. கருவி நம் மண்ணில் தயாராகிவிட்டது. அதற்குள் ஓடும் ஆட்டங்களில் நம் மொழியும் நம் கதைமாந்தரும் எத்தனை?

விலை, பராமரிப்புச் செலவு, மொழி ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் அயல்நாட்டுப் பொருளும் நம் வீட்டுப் பொருளாகிவிடும். முதல் இரண்டும் நமக்குக் கைகூடிவிட்டன. மூன்றாவதை வெளியூரார் வந்து செய்து தர மாட்டார்கள். கணினி படிக்கும் நம் இளைஞர்கள் தமிழிலும் தெலுங்கிலும் ஆட்டங்கள் படைக்க முன்வரட்டும்!