பாக்கு மட்டைத் தட்டுகளும் தையல் இலைகளும் கெடாமற் சேமிக்கும் விதம்

ஆவணி மாதத்தில் விலை சற்று நயமாயிருக்கிறதென்று ஆயிரம் இரண்டாயிரம் பாக்கு மட்டைத் தட்டுகளை மொத்தமாய் வாங்கி, அவற்றை நெல் மூட்டைகளுக்குப் பக்கத்திலோ திண்ணை அறையின் மூலையிலோ அடுக்கிவைத்து, தை மாதத்து முகூர்த்தத்திற்கு முதல் நாள் கட்டவிழ்த்துப் பார்க்கும்போது, மேல் அடுக்கு நன்றாயிருக்க, நடுக்கட்டுகள் முழுவதும் கரும்புள்ளியும் பச்சைப் பூசணமுமாய்க் கிடப்பது மதுரைச் சுற்றுப்புறக் கிராமங்களில் புதிய சம்பவமன்று. அந்த நேரத்தில் வேறு தட்டு தேடி மதுரை நகரத்துக்கு ஆள் அனுப்புவதும், கேட்ட விலையைக் கொடுப்பதும் ஒரு கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம், பூசணத்தைத் துணியால் துடைத்துவிட்டு அதே தட்டில் விருந்தினருக்குச் சோறு பரிமாறத் துணிவதேயாகும். இரண்டுக்கும் இடமில்லாமற் செய்துகொள்வது சிறிது முன்யோசனையால் ஆகக்கூடிய காரியம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்கு வகை 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டன. 2018 ஜூன் மாதத்தில் அத்தடையைப் பற்றிய அறிவிப்பு வெளிவந்தபோதே, அவற்றிற்குப் பதிலாக வாழை இலை, பாக்கு மட்டை, தாமரை இலை முதலியவை கைக்கொள்ளத் தக்கவை என்று எடுத்துரைக்கப்பட்டது. அதன் பின்னர் ஊர்ப்பொதுவில் நடக்கும் அன்னதானங்களிலும், கோயில் கொடைகளிலும், கலியாண வீடுகளிலும் பாக்கு மட்டைத் தட்டும் தொன்னையும் மிகுதியாய்ப் புழங்கலாயின. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மை திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளி வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் உண்ணும் விருந்தையும், அழகர் வைகைக்கு வரும் வழியெல்லாம் மண்டகப்படிகளில் வழங்கப்படும் பிரசாதங்களையும் கண்டவர்களுக்கு, இலைப் பாத்திரத்தின் தேவை இப்பகுதியில் எவ்வளவு பெரியதென்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரைச் சமவெளியில் பாக்கு மரம் அதிகமில்லை. மட்டைகளில் பெரும்பங்கு கர்நாடகம், கேரளம் ஆகிய மாகாணங்களின் தோட்டங்களிலிருந்தும், சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களின் பாக்குத் தோப்புகளிலிருந்தும் வருவது. மரத்தினின்று தானாய்க் கழன்று விழும் மட்டையைப் பொறுக்கி உலர்த்தி, பின்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, மிருதுவானதும் சூடேற்றிய அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். இந்த ஊறவைத்தல்தான் பிற்காலத்து வியாதிக்கு வித்து. அச்சின் சூட்டில் மெல்லிய ஓரங்கள் உடனே உலர்ந்துவிடும். மட்டையின் தடித்த நடுப்பாகமோ அவ்வளவு சீக்கிரம் உலராது. அவசரத்தில் அச்சைவிட்டு எடுத்த தட்டு, பார்வைக்குக் காய்ந்ததுபோலத் தோன்றினும், உள்ளே ஈரம் வைத்திருக்கும்.

நெல்லையும் உளுந்தையும் களஞ்சியத்தில் வைத்துப் பழகிய குடியானவர்களுக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. மட்டையும் இலையும் மரநாரும் தானியத்தைப் போலவே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று உலர்ந்தால் அதைத் திருப்பி விடும். காற்றின் ஈரநிலை நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் பலநாள் நீடித்து நிற்குமாயின், அவ்விடத்தில் வைத்த தட்டு பூசணம் பிடிப்பதற்குப் போதிய ஈரத்தை ஏற்றுக்கொண்டுவிடும். அச்சின் சூடு பழைய பூசண விதைகளைப் பெரும்பாலும் கொன்றுவிடுவது உண்மையே. ஆயினும் காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கும் புதிய விதைகள் வந்து படிவதை அச்சூடு தடுக்காது. பாக்கு மட்டைத் தட்டுக்குச் சாதாரணமாய் மெழுகோ வார்னிஷோ பூசப்படுவதில்லை. அது அதன் சிறப்பு. சேமிப்பில் அதுவே அதன் பலவீனமும் ஆகும்.

இவ்விடத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் கவனிக்கற்பாலது. 1895இல் பெரியாற்று நீர் வைகைப் பக்கம் திருப்பிவிடப்பட்டபின் நஞ்சையாய் மாறிய வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர்ப் பகுதிகளில், ஐப்பசி கார்த்திகையில் வீட்டைச் சுற்றி நாற்புறமும் தண்ணீர் நிற்கும் வயல்களே. அங்குச் சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறும். விடியற்காலையில் பனி வேறு இறங்கும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்று உலர்ந்தே இருப்பதால் அலட்சியமாய் வைத்த தட்டும் பிழைத்துவிடும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலம் எல்லோருக்கும் பொதுவானதே. ஆகவே நஞ்சைப் பகுதியார் தை மாதத்துக்கு வேண்டியதை ஆவணியிலேயே வாங்கி அடைத்து வைப்பதைக் காட்டிலும், மழை ஓய்ந்தபின் மார்கழிக் கடைசியில் வாங்குவது மேல். விலையில் சில காசு கூடினாலும் சேதாரத்தைக் கழித்துப் பார்த்தால் அதுவே லாபமாய் முடியும்.

முன்னரே வாங்கித்தான் ஆகவேண்டும் என்போர், வாங்குமிடத்திலேயே ஒரு கட்டைப் பிரித்து நடுவிலுள்ள தட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். நன்கு உலர்ந்த தட்டு விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரமுள்ளது மந்தமாய் ஒலிக்கும். அதன் நடுப்பாகத்தைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். முகர்ந்தால் புளித்த வாடையோ மழை நனைந்த வைக்கோல் வாடையோ இருத்தலாகாது. இன்னும் நிச்சயமாய் அறிய விரும்புவோர் பத்துத் தட்டுகளைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, காலை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். எடை தெளிவாய்க் குறைந்திருந்தால் சரக்கு ஈரமானதென்பதில் சந்தேகமில்லை. எடை குறைவது நிற்கும் வரை முழுச் சரக்கையும் உலர்த்துவதே தக்கது.

உலர்த்துவதிலும் பக்குவம் உண்டு. நடுப்பகல் வெயிலில் தட்டுகளைத் தனித்தனியாய்ப் பரப்பினால் ஒருபுறம் சீக்கிரம் காய்ந்து சுருங்கி, தட்டு வளைந்து கோணிப் போகும். ஓரம் வெடிப்பதும் உண்டு. காலை இளவெயிலும் காற்றோட்டமுள்ள நிழலும் போதுமானவை. ஒரு மணிக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். காய்ந்தவுடன் சூட்டோடு கட்டிவைப்பது பெருந்தவறு. சூடான சரக்கு மூட்டைக்குள் ஆறும்போது உள்ளே வியர்த்து, ஓட்டிய ஈரம் திரும்பவும் அதிலேயே படியும். அரைமணி நேரம் நிழலில் ஆறவிட்டு, ஒரே முகமாய் அடுக்கி, மேலே ஒரு பலகையும் சிறு பாரமும் வைத்தால் வளைவும் நிமிரும்.

வைக்கும் இடத்தைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதேயில்லை. தரை மண்ணாயினும் சிமெண்டாயினும் ஈரம் கக்கும். ஆதலால் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டைகள் அடுக்கி அதன்மேல் பலகை போட்டுக் கட்டுகளை வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் இடம் விட்டால் காற்றும் புகும், கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். உர மூட்டை இருக்கும் அறை அறவே கூடாது. யூரியா முதலிய உரங்களும், உப்பும், புளியும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தாமும் கசிந்து பக்கத்திலுள்ளதையும் நனைக்கும். பூச்சிமருந்தோடு ஒரே அறையில் உண்கலம் வைப்பது ஈரத்தைவிடக் கொடியது. மண்ணெண்ணெய், வெங்காயம், கர்ப்பூரம் ஆகியவற்றின் வாடையையும் மட்டை இழுத்துக்கொள்ளும். தீக்கு எளிதில் இரையாகும் சரக்காதலால் விளக்கும் கொசுவர்த்தியும் அவ்வறையில் வேண்டாம்.

பிளாஸ்டிக் உறை நல்லதா கெட்டதா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. நன்கு உலர்ந்தபின் இறுகச் சுற்றிய உறை வெளி ஈரத்தைத் தடுக்கும். ஈரத்தோடு சுற்றிய உறை அதை உள்ளேயே சிறைவைத்துப் பூசணத்தை வளர்க்கும். ஆலையிலிருந்து உறையிட்டு வரும் கட்டின் உட்புறம் பனித்துளி போல் நீர்த்துளி தென்பட்டால் உடனே பிரித்து உலர்த்த வேண்டும். தென்படாவிடில் தேவைப்படும் நாள்வரை பிரிக்காமலே விடுவது நலம். உறையின்றி வாங்கியவற்றை இருபத்தைந்து இருபத்தைந்தாய்க் காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியிலோ சுத்தமான சணல் சாக்கிலோ வைக்கலாம்.

பல வீடுகளில் தானியம் கொட்டும் பழைய குலுக்கைகள் இன்று வெறுமையாய்க் கிடக்கின்றன. அவற்றைவிடச் சிறந்த கருவி இக்காரியத்துக்குக் கிடைப்பது அரிது. பழைய தானியத்தின் தூசியும் வண்டும் நீங்கச் சுத்தமாய்ப் பெருக்கி, உள்ளே வெயில் படும்படி இரண்டொரு நாள் வாய் திறந்து வைத்து, காய்ந்த தட்டுகளை அடுக்கி, வாயை மூடிச் சாணமும் மண்ணும் கலந்து மெழுகிவிட்டால் மழைக்காலம் முழுவதும் கவலையில்லை. குலுக்கை இல்லாதோர் மூடியுள்ள தகரப் பீப்பாயை உபயோகிக்கலாம். அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தாலும், நன்றாய்க் காய்ந்த அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து வைத்தாலும் பயன் தரும். திறந்த அறையில் இவற்றை வைப்பது, ஊர்க் கண்மாயைச் செம்பால் இறைப்பதற்குச் சமானம்.

பூச்சிகளில் இராமபாணப் பூச்சி, கரப்பான், கறையான், மட்டையைத் துளைத்து மாவாக்கும் சிறு வண்டு ஆகிய நான்கும் முக்கியமானவை. கட்டின் அடியில் மெல்லிய மாவு உதிர்ந்து கிடந்தால் வண்டு புகுந்திருக்கிறதென்று அறியலாம். அக்கட்டைப் பிரித்தெடுத்து வேறாக்குவதே முதல் சிகிச்சை. நெல்லுக்கு வைக்கும் விஷ மாத்திரையையோ, துணிக்கு வைக்கும் நாப்தலின் உருண்டையையோ உண்கலத்தோடு வைத்தல் ஒருபோதும் கூடாது. நிழலில் உலர்த்திய வேப்பிலையும் நொச்சியிலையும் கட்டுகளுக்கிடையே தூவும் வழக்கம் தீங்கற்றது. ஆனால் அவை முற்றும் உலர்ந்திருக்க வேண்டும்; பச்சையிலை போட்டால் அதுவே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆலிலை, புரசிலை, மந்தாரையிலை இவற்றை ஈர்க்கால் தைத்த தையல் இலைகளுக்கு மேற்சொன்ன விதிகளே பொருந்தும். முன்னாளில் அவற்றைக் கட்டிச் சமையலறைப் பரணில் போட்டுவைப்பர். புகையும் சூடும் பூச்சியையும் ஈரத்தையும் விலக்கின. பாக்கு மட்டைத் தட்டைப் பரணில் போட்டால் புகை வாடை ஏறிவிடும் என்பதால் அம்முறை இதற்கு ஒவ்வாது. தையல் இலை மிகவும் காய்ந்தால் நொறுங்கும். அதற்காக இருப்பில் ஈரம் காட்டாமல், உபயோகிக்கும் அன்று நீர் தெளித்துச் சிறிது நேரம் பாரம் வைத்தால் பதமாகும். கரும்புச் சக்கைத் தட்டுகள் கூழாக்கி வார்த்தவையாதலால் ஒருமுறை ஈரம் ஏறிப் பருத்தால் காயவைத்தும் பழைய உறுதி திரும்பாது. அவற்றை ஆலை உறையோடு வைப்பதே வழி.

பச்சை வாழை இலையோ ஈரத்தால் பிழைப்பது. பூவன் முதலிய வாழையிலிருந்து அதிகாலையில் அறுத்த இலைகளைச் சுருட்டி, வாழைச் சருகு சுற்றி நாரால் கட்டி, நிழலில் ஈரச்சாக்கு போர்த்திவைத்தால் மூன்று நாள் வரை தாங்கும். வெயிலில் வண்டியேற்றிய கட்டு மறுநாளே பழுத்துவிடும். இந்த இலை எவ்வளவு விரைவில் சருகாகி மண்ணோடு சேருமென்பதற்கு, திருமங்கலம் பக்கத்துக் கரும்பாறை முத்தையா கோயில் வழக்கம் ஒன்றே போதும்: ஆண்கள் மாத்திரம் கூடி உண்ணும் அவ்விருந்தில் இலைகளை எடுப்பதில்லை, அவை காய்ந்து மறைந்த பின்னரே பெண்கள் அப்பக்கம் செல்வர்.

பூசணம் பிடித்த தட்டைக் கழுவியும் துடைத்தும் உபயோகிக்கலாமென்னும் எண்ணம் தவறானது. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளாடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்கும் பூசண இனம், ஈரமான தாவரப் பொருள் பலவற்றிலும் வளர வல்லது. கண்ணுக்குத் தெரியும் பூசணம் துடைத்தால் போகும். நாருக்குள் ஊறிய விஷம் போகாது. சாதாரணச் சமையல் சூட்டிலும் அழியாது. அத்தகைய தட்டை மாட்டுக்குப் போடுவதும் அபாயமே. எருக்குழிக்கே அனுப்ப வேண்டும்.

இன்னொரு செய்தியையும் மறைப்பதற்கில்லை. பாக்கு மட்டையில் இயற்கையாயுள்ள அரிகொலின் முதலிய பொருட்கள் உணவில் இறங்கக்கூடுமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் எச்சரித்து, அத்தட்டுகளின் இறக்குமதியைத் தடுத்து நிறுத்த ஏற்பாடு செய்தது. ஏற்றுமதியை நம்பி மட்டை சேர்த்தவர்களுக்கு அது பெரிய அடி. வீட்டு விருந்தைப் பொறுத்தவரை, சூடான குழம்பையும் ரசத்தையும் நெடுநேரம் அத்தட்டில் தேங்கவிடாமலும், ஒருமுறை உபயோகித்ததைக் கழுவி மறுமுறை வைக்காமலும் இருப்பது விவேகம். வாழை இலை எளிதில் கிடைக்கும் சோழவந்தான் பக்கத்தில் மட்டையை நாடுவதற்கு அவசியமே இல்லையென்று சொல்லலாம்.

ஊராட்சிச் சமுதாயக் கூடங்களிலும் கோயில் மடைப்பள்ளிகளிலும் பொது இருப்பாய் வைக்கப்படும் தட்டுகளுக்கு ஒருவரும் பொறுப்பாளியல்லாததே அவை கெடுவதற்கு முதற்காரணம். ஒவ்வொரு கட்டின்மேலும் வாங்கிய மாதத்தை எழுதி, பழையதை முதலில் எடுத்துச் செலவழிக்கும்படி கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கண்டிப்பாய் ஏற்பாடு செய்தல் வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடுக்கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்க்க ஒருவரை நியமித்தால் போதுமானது. விருந்து முடிந்து மிஞ்சிய கட்டுகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இரவு முழுவதும் பந்தலில் பிரிந்து கிடந்த தட்டு பனியையும் சமையல் ஆவியையும் குடித்திருக்கும். அதை அப்படியே கொண்டுபோய்ப் பழைய இருப்போடு சேர்த்தால், ஒரு கட்டின் ஈரம் பத்துக் கட்டுக்குப் பரவும். மறுநாள் காலை வெயிலில் உலர்த்தி ஆறவிட்டு, தனிச் சாக்கில் கட்டி, அடுத்த விருந்துக்கு முதலில் எடுக்கும்படி வாசற்பக்கமாய் வைத்தல் வேண்டும்.